டிஸ்க் கால்ஃபுக்குத் தமிழ்: ஏன் 'கூடைவட்டு'?

கல்லூரி வளாகம் ஒன்றில் ஒன்பதே கூடைகள் கொண்ட சின்ன டிஸ்க் கால்ஃப் களத்தில் அடிக்கடி விளையாடுகிறேன். வட்டை எறிந்து எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிவுகளில் கூடைக்குள் போடும் ஆட்டம் அது. போன வாரம் அங்கே புதிதாக வந்த தம்பி ஒருவன், தமிழில் அச்சிட்ட விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு புல்லைக் குனிந்து பார்த்தபடியே நடந்தான். "அண்ணா, குழி எங்கே இருக்கு?" என்றான். இரண்டு மரங்களுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில், சங்கிலிகள் தொங்கக் கூடை நின்றுகொண்டிருந்தது. அவன்மேல் தப்பே இல்லை. தாளில் இருந்த பெயர் 'வட்டுக் குழிப்பந்தாட்டம்'.

இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

டிஸ்க் என்பது கிரேக்க 'டிஸ்கோஸ்' லத்தீன் வழியாக வந்தது. எறியும் வட்டு என்று பொருள். கால்ஃப் டச்சு மொழியில் தடியைக் குறிக்கும் 'கோல்ஃப்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் மூலச் சொல்லில்கூடக் குழியோ பந்தோ கிடையாது.

கால்ஃபுக்குக் 'குழிப்பந்தாட்டம்' நல்ல பெயர்தான். அதில் பந்து இருக்கிறது, குழி இருக்கிறது. ஆனால் அதை அப்படியே தூக்கி, முன்னால் 'வட்டு' ஒட்டினால் என்ன ஆகும்? வட்டும் பந்தும் ஒரே பெயருக்குள் முட்டிக்கொள்கின்றன. இந்த விளையாட்டில் குழி எப்போதுமே இருந்ததில்லை. முதலில் மரத்தையும் கம்பத்தையும் இலக்காக வைத்து எறிந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தரக் களத்தை அமைத்த எட் ஹெட்ரிக், அப்புறம் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். வேகமாக வரும் வட்டின் விசையைச் சங்கிலி வாங்கிக்கொள்ள, வட்டு கூடைக்குள் விழுகிறது. ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பெயரில் வர வேண்டியதும் அதுதான்.

சரி, 'வட்டெறிதல்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். அது தடகளப் போட்டியின் பெயர். அங்கே ஆண்கள் எறியும் வட்டு 2 கிலோ. இங்கே எறிவது பெரும்பாலும் 180 கிராமைத் தாண்டாது. அங்கே தூரம்தான் எல்லாம். இங்கே எத்தனை எறிவில் கூடையை அடைந்தோம் என்பதே கணக்கு. 'பறக்கும் தட்டு' என்றாலோ வேற்றுக்கிரக வாகனம்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: கூடைவட்டு. கூடைப்பந்து தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வட்டு நம்மிடம் பழைய சொல்லும்கூட. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401-ஆம் குறள். அங்கே சொல்லப்படுவது கட்டம் கீறி ஆடும் வேறு ஆட்டம். ஆனாலும் ஆடுபொருளுக்கு வட்டு என்ற பெயர் அன்றே இருந்திருக்கிறது. கால்ஃபோடு உள்ள உறவு பெயரில் தெரிய வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எறிவை எண்ணும் முறையில் அந்த உறவு தெரிகிறதே, போதாதா? அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் 'டிஸ்க் கால்ஃப்' என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

அதே தாளில் இன்னொன்றும் பார்த்தேன். தொலைவாக எறிவதற்கென்று விளிம்பு மெல்லியதாகச் செய்த வட்டுக்கு டிரைவர் என்று பெயர். தாளில் 'ஓட்டுநரை எடுத்து எறியவும்' என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரே ஒரு தடவை களத்துக்கு வந்து, அந்த வட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் 'தொலைவட்டு' என்று அவருக்கே தோன்றியிருக்கும். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு விளையாட்டை மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. ஆடுபவர்களின் பேச்சைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அன்று அந்தத் தம்பி நான்காவது எறிவில் சங்கிலி கலகலக்க வட்டை உள்ளே போட்டான். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது, யாரும் சொல்லித் தராமலே, "ரெண்டாவது கூடை எந்தப் பக்கம்ணா?" என்று கேட்டான்.