சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிக்கு மாண்டூ ஊசி: தடிப்பு வராததை எப்படி எடுத்துக்கொள்வது?

குடியாத்தம், ஆம்பூர், ஆரணிப் பக்கங்களிலிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில், ‘உப்பு கூடிவிட்டது’ என்று சொல்லப்பட்டவர்கள், அதாவது யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிச் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் பலர். அவர்களுக்கு மாண்டூ பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டால், காசநோய்க் கிருமி உடலில் இல்லை என்று குடும்பமே நிம்மதியடைகிறது. இவர்களைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்குப் போதிய ஆதாரம் இல்லை.

இப்பரிசோதனையில் முன்கையின் உட்புறத் தோலுக்குள் 0.1 மி.லி. டியூபர்குலின் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம்) செலுத்தப்படுகிறது. அக்கிருமியை முன்பே சந்தித்த டி அணுக்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) உடலில் இருந்தால், அவை அவ்விடத்தில் திரண்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தோலைத் தடிக்கச் செய்கின்றன. (சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான தடிப்பையே மில்லிமீட்டரில் அளக்க வேண்டும்.) ஆக, இந்த ஊசி காட்டுவது கிருமியை அன்று; கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் அணுவழி எதிர்ப்பாற்றலை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போது டி அணுக்கள் மந்தமாகின்றன. கட்டுக்கடங்காத சர்க்கரையும், சிறுநீரில் ஒழுகிப்போகும் புரதமும், பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் அறவே நிறுத்திவிடுவதால் வரும் ஊட்டக்குறைவும் அதனுடன் சேர்ந்துகொள்ள, கிருமி இருந்தும் தடிப்பு வராமல் போகிறது.

தொழுநோய்ப் பணிக்குப் பெயர்பெற்ற, வேலூர் அருகிலுள்ள கரிகிரி மருத்துவமனையை அறிந்த மூத்த மருத்துவப் பணியாளர்களுக்கு இது புதிதாக இராது. தொழுநோய்க் கிருமி உடலெங்கும் பெருகியவருக்கு லெப்ரோமின் ஊசியில் (தொழுநோய்க் கிருமியின் கூறுகளைத் தோலில் செலுத்தும் பரிசோதனை) தடிப்பு வருவதில்லை. எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவருக்கே வருகிறது. அணுவழி எதிர்ப்பாற்றலை அளக்க, பெரும்பாலோர் வாழ்நாளில் சந்தித்திருக்கக்கூடிய கேண்டிடா எனும் பூஞ்சை போன்றவற்றின் கூறுகளைத் தோலில் செலுத்திப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. எதற்குமே தடிப்பு வராதவரின் மாண்டூ முடிவை நம்ப இயலாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் காசநோய் நுரையீரலை விட்டு, கழுத்து நெறிக்கட்டியிலோ வயிற்று உறையிலோ தோன்றுவது அரிதன்று. பசியின்மையையும் எடை குறைவதையும் ‘கிட்னி கோளாறுதானே’ என்று ஒதுக்கிவிடுவதால்தான் மாதங்கள் வீணாகின்றன என்பது என் கருத்து. மாலைக் காய்ச்சல் தொடர்ந்தால், மாண்டூ முடிவு எதுவாயினும், எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, தேவையானால் நெறிக்கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தல் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. இக்ரா எனும் இரத்தப் பரிசோதனையும் டி அணுக்களையே நம்பியிருப்பதால், சிலருக்கு அதுவும் முடிவு சொல்லாமல் நின்றுவிடும்.

மாண்டூவில் தடிப்பு வந்தவருக்கு, காசநோய் நோயாக வெளிப்படவில்லை என்று உறுதிசெய்த பிறகே தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். ஐசோனியசிட் எனும் காசநோய் மருந்தைக் கொடுத்தால் பைரிடாக்சினும் (வைட்டமின் பி6) அவசியம். இல்லையேல், சர்க்கரையால் ஏற்கெனவே நொந்த கால் நரம்புகள் மேலும் பாதிக்கப்படலாம்.

இதே எதிர்ப்புக் குறைவால் மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசியும் இவர்களிடம் சரியாகப் பிடிப்பதில்லை. அதை டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. டயாலிசிஸில் இருப்பவருக்கு இரட்டிப்பு அளவு தேவைப்படுகிறது. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்க்கும் எதிர்ப்புப் புரத அளவு 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால், மறுபடியும் ஒரு சுற்று போட்டாக வேண்டும்.