ஆறரை மணிக்குப் படுத்துக்கொள்ளும் சர்வர்

"கணக்குப் பாக்குற தம்பி வீட்டுக்குக் கெளம்புனா சர்வர் படுத்துக்குதுங்க சார்." திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் மேலாளர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். தினமும் மாலை ஆறரை மணி. அதற்குப் பிறகு பஞ்சு லாரி வந்தால் எடைமேடையில் சீட்டு வராது, யாராவது ரிமோட்டில் உள்ளே போய் எதையோ தட்டிவிட்டால்தான் திரும்ப வேலை நடக்கும். நான் போவதற்குள் யுபிஎஸ் பேட்டரியை மாற்றியிருந்தார்கள், ராம் கூட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த சந்தேகம் அந்தத் தம்பி மேல். அவர் சேர்ந்து இரண்டு மாதம், தொல்லைக்கும் அதே வயது.

போய் உட்கார்ந்ததும் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்தேன். 'அப் டைம்', அதாவது கடைசியாகத் தொடங்கியதிலிருந்து இடைவிடாமல் ஓடிய நேரம், 43 நாள் என்றது. அதாவது, தினமும் விழுவதாகச் சொல்லப்பட்ட சர்வர் ஒன்றரை மாதமாக ஒருமுறைகூட விழவில்லை!

"சர்வர் கிராஷ்" என்ற பெயரில் என்னிடம் வரும் புகார்களில் இப்படிப்பட்டவை நிறைய. நின்றது இயந்திரமா, அதில் ஓடிய நிரலா என்பதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் எண் போட்டுக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவைத் திறந்து, கர்னல் பவர் பெயரில் 41, ஈவென்ட் லாக் பெயரில் 6008, பக்செக் பெயரில் 1001 என்ற எண்கள் அந்த நேரத்துக்கு இருக்கின்றனவா என்று தேடுங்கள். 41, 6008 இருந்தால் இயந்திரம் முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது. கூடவே 1001 இருந்தால் நீலத்திரை, அதாவது விண்டோஸே செயலிழந்து நின்றதைச் சொல்லும் திரை, வந்திருக்கிறது. 1074 மட்டும் இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், முறைப்படி 'ஷட் டவுன்' அல்லது 'ரீஸ்டார்ட்' கொடுத்திருக்கிறது. எந்தப் பயனர் பெயரில் என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கும். வீட்டுக் கணினியை அணைக்கிற பழக்கத்தில் சர்வரையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனவர்களை இந்த 1074 காட்டிக் கொடுத்திருக்கிறது. பெரிய பதவியில் இருப்பவர்களும் அதில் உண்டு.

நூற்பாலையில் இந்த நான்கு எண்களில் ஒன்றுகூட இல்லை. அப்புறம், ரிமோட்டில் யார் எப்போது வந்து போனார்கள் என்பதைக் குறித்து வைக்கும் 'டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர்' பதிவைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஆறரையை ஒட்டி ஒரு 23. அப்படியே பின்னால் போனால், இரண்டு மாதத்துக்கு முந்தைய நாட்களில் அதே நேரத்தில் 24. விஷயம் இந்த இரண்டு எண்களுக்குள்தான் இருந்தது.

24 என்பது டிஸ்கனெக்ட். ரிமோட் ஜன்னலின் மூலையில் பெருக்கல் குறியை அழுத்தினால் நடப்பது இது. திரை மட்டும்தான் போகும், செஷன், அதாவது உள்ளே வந்தவருக்கென்று சர்வர் திறந்து வைத்த வேலையிடம், சர்வரில் உயிரோடு இருக்கும், அதில் திறந்து வைத்த எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். 23 என்பது லாக் ஆஃப். சைன் அவுட் கொடுத்தால் அந்த செஷனில் தொடங்கிய நிரல்கள் அனைத்தையும் விண்டோஸ் மூடிவிடும். எடைமேடைக்கான ஜாவா நிரலோ, யாரும் உள்ளே வராவிட்டாலும் பின்னணியில் ஓடும் சர்வீஸாக நிறுவப்படாமல், கணக்காளரின் செஷனில் ஒரு பேட்ச் ஃபைலைத் (கட்டளைகள் எழுதிய சிறு கோப்பு) தட்டினால் திறக்கும் கறுப்பு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கணக்காளர் தினமும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போனார், நிரல் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடந்தது. புதிய தம்பி ஒழுங்கானவர். வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்ய வேண்டும் என்று எங்கோ கற்றிருந்தார், அதன்படியே செய்தார்.

உடனே மேலாளர், "அப்ப அவனையும் பெருக்கல் குறி அழுத்தச் சொல்லிருவோமுங்க" என்றார். வேண்டாம் என்றேன். டிஸ்கனெக்ட் ஆன செஷனை இத்தனை மணி நேரத்தில் முடித்துவிடு என்று குரூப் பாலிசியில், அதாவது விண்டோஸுக்கு நிர்வாகி போட்டு வைக்கும் விதிகளில், ஒரு வரம்பு இருந்தால், நிரல் ஆறரைக்குப் பதில் நள்ளிரவில் சாகும். அதோடு, தனி உரிமம் வாங்காத விண்டோஸ் சர்வரில் ஒரே நேரத்தில் இரண்டு ரிமோட் செஷன்களுக்குத்தான் இடம். இடம் தேடி வரும் மூன்றாமவர் கிடப்பில் உள்ள செஷன் ஒன்றை லாக் ஆஃப் செய்துவிடவும் கூடும். கறுப்பு ஜன்னல் எந்த செஷனில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

நிரலை சர்வீஸாக மாற்றினேன். சர்வீஸ்கள் செஷன் 0-வில் ஓடுபவை. பயனர்களுக்கு 1, 2 என்று வேறு செஷன்கள். அவர்கள் வருவதும் போவதும் 0-வைத் தொடக் கூடாது. முடிந்தது என்று ஊர் திரும்பினேன். மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது, மறுபடியும் விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் வெட்கம். யாராவது லாக் ஆஃப் செய்தால் விண்டோஸ் அனுப்பும் அறிவிப்பு சர்வீஸாக ஓடும் ஜாவா நிரலுக்கும் எட்டக்கூடும். 'எல்லாம் மூடப் போகிறது' என்று நினைத்து ஜாவா தானாகவே கடையைக் கட்டிவிடும். புதிய பதிப்புகள் இதைக் கவனித்துக்கொள்கின்றன, ஆனால் அந்த நிரலோடு வந்தது மிகப் பழைய ஜாவா. தொடக்கக் கட்டளையில் கழித்தல் குறி போட்டு 'எக்ஸ்ஆர்எஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஜாவா அந்த அறிவிப்பைக் கண்டுகொள்ளாது. பதிலுக்கு, நிரலை நிறுத்தும்போது தானாக நடக்கும் துப்புரவு வேலைகளை இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செஷன் முடியும்போது இயந்திரமே விழுவதும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன். வேறோர் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஒன்று. யாராவது லாக் ஆஃப் செய்தால் சில சமயம் நீலத்திரை, நிறுத்தக் குறியீடு 'ஏபி'. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் வந்து அறை அறையாகப் பார்ப்பாரே, அதுபோல ஒரு செஷன் கலையும்போது அதற்கென்று ஒதுக்கிய நினைவகம் முழுதும் திரும்பி வந்ததா என்று விண்டோஸின் மையப் பகுதியான கர்னல் கணக்குப் பார்க்கும். ஏதாவது டிரைவர் (திரை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் நிரல்) ஒரு துண்டை விடாமல் வைத்திருந்தால் கர்னல் சமரசம் செய்யாது, மொத்த இயந்திரத்தையும் நிறுத்திவிடும். இதில் சந்தேகப்பட வேண்டியவை திரை சார்ந்த டிரைவர்கள். அங்கே குற்றவாளி, எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு தொலைநிலை உதவி மென்பொருளின் திரை டிரைவர். விழும் நேரத்தில் நினைவகத்தில் இருந்ததைப் பிடித்து வைத்து விண்டோஸ் கோப்புறையில் இருந்த மெமரி டம்ப் கோப்பை, விண்டிபக் என்ற ஆய்வுக் கருவியில் திறந்து அலசியபோது பெயர் கிடைத்தது. அதை நீக்கியதும் நீலத்திரை நின்றது. அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மாற்றவில்லை என்றுதான் கேள்வி.

பிரிண்டர் டிரைவர் தொல்லை தனி ரகம். ரிமோட்டில் வருகிறவர் தன் வீட்டு பிரிண்டரையும் கூடவே இழுத்து வருவார், அச்சு வேலைகளை வரிசையில் அனுப்பும் ஸ்பூலர் சர்வீஸ் மூச்சடைத்து நிற்கும், அலுவலகத்தில் யாருக்கும் அச்சு வராது. தேவையில்லை என்றால் பிரிண்டர் ரீடைரக்‌ஷனை மூடிவிடுங்கள்.

நூற்பாலையில் அந்த விருப்பத்தைச் சேர்த்த அன்று மாலை ஆறரைக்குத் தம்பியே கூப்பிட்டார். "சார், நான் சைன் அவுட் பண்ணிக்கட்டுங்களா?" பண்ணுங்க என்றேன். போனை வைக்காமலேயே காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எடைமேடைப் பக்கமிருந்து பிரிண்டர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.