மருவுக்கு வேர் கிடையாது

“வேரோடு எடுத்துவிடுங்கள், டாக்டர்” என்றுதான் மருவோடு வருகிறவர்களில் பலர் கேட்கிறார்கள். மருவுக்கு வேர் கிடையாது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியே மேல்தோலுக்குள் நுழைந்து, அங்குள்ள செல்களை அளவுக்கு மீறிப் பெருகச் செய்வதால் உண்டாகும் தடிப்பே மரு. மேலே சீவினால் தெரியும் கருப்புப் புள்ளிகளை வேர் என்று நினைத்து ஊசியால் தோண்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. உண்மையில் அவை இரத்தம் உறைந்துபோன நுண்ணிய நாளங்கள். தோண்டினால் வைரஸ் அக்கம்பக்கத்துத் தோலுக்கும் பரவும், தழும்பும் மிஞ்சும்.

மரு என்று காட்டப்படுவதெல்லாம் மருவாக இருப்பதில்லை. கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் மென்மையான சதைத் துணுக்குகள் வைரஸால் வருபவை அல்ல. உடற்பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் அவை அதிகம் என்பதால், இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளங்காலில் கால் ஆணியா மருவா என்ற குழப்பம் எப்போதும் வரும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும், தோல் ரேகைகள் அதன் மேல் தொடர்ந்து ஓடும். மருவைப் பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும், ரேகைகள் அதன் விளிம்பிலேயே நின்றுவிடும். நம் நாட்டில் தோல் காசநோயின் ஒரு வகையும் மருவைப் போலவே சொரசொரப்பாகக் கையிலோ காலிலோ மெல்லப் படர்வதுண்டு. ஆறாத, இரத்தம் கசிகிற, முதிய வயதில் புதிதாக முளைத்த ‘மரு’வைச் சதைப் பரிசோதனை செய்யாமல் சுடுவது ஆபத்து, ஏனெனில் அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

குழந்தைகளின் மருக்களில் பெரும்பாலானவை, உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும், இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். கோயிலில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொண்டவர்களுக்கு மரு உதிர்வதில் எனக்கு வியப்பில்லை. அந்த வேண்டுதலால் தோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. என்னைக் கவலைகொள்ளச் செய்வன சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துப் பூசுவது, எருக்கம்பால் வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது ஆகியவையே. இவை மருவோடு நல்ல தோலையும் ஆழமாகப் புண்ணாக்கிவிடும்.

வலியில்லாத சாதாரண மருவுக்கு முதல் மருந்து சாலிசிலிக் அமிலம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மேலே உள்ள செத்த தோலைத் தேய்த்து நீக்கி, சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிக்கொண்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை வைக்க வேண்டும். இதை நாள்தோறும், பெரும்பாலும் 12 வாரம் வரை செய்ய வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறவர்களே மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைப் பூசக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலில் உள்ள மருவுக்குத் தாங்களாக எதையும் வைக்க வேண்டாம்.

அடுத்தது, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையவைப்பது. இரண்டு மூன்று வார இடைவெளியில் சில முறை வர வேண்டியிருக்கும், கொப்புளம் எழலாம். நம் மாநிறத் தோலில் அந்த இடம் சில காலம் வெளுத்துத் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. மரத்துப்போகும் ஊசி போட்டு மின்சாரத்தால் சுட்டெடுத்தால் ஒரே நாளில் மரு போய்விடும். ஆனால் பார்வைக்கு இயல்பாகத் தெரியும் சுற்றுத் தோலிலும் வைரஸ் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதே இடத்தில் மரு திரும்ப வருவதைச் சிகிச்சையின் பிழை என்று கொள்ள முடியாது. உள்ளங்காலில் நான் கூடியவரை சுடுவதில்லை. அங்கே விழும் தழும்பு மருவைவிட அதிகமாக வலிக்கும்.

பல இடங்களில் மருக்கள் பரவியிருந்தால், ஒரு மருவுக்குள் மட்டும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தைச் செலுத்தி, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் முறை இப்போது இந்தியாவில் பரவலாகக் கையாளப்படுகிறது. ஊசி படாத மருக்களும் கூடவே மறைவது இதன் சிறப்பு, ஆயினும் எல்லோரிடமும் அப்படி நடப்பதில்லை. அது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ்களைக் கொண்ட மருந்து என்பதால், கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் அதைப் போடக் கூடாது.