தோலைப் பிடித்து வைக்கும் துணைப்புரதம்

கரைவலைக் கயிறு இழுப்பவர்களின் உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தாலும் தோல் அடியோடு உரிந்து வராதது ஏன் என்று நிலாவெளியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருந்தார். உராய்வுக் கொப்புளம் மேற்றோலுக்குள்ளேயே பிளந்து நீர் கோத்துக்கொள்கிறது. அடிவரிசைக் கலங்கள் அப்போதும் இடம்பெயர்வதில்லை. அவற்றை, மேற்றோலின் அடியில் விரிந்துள்ள மெல்லிய புரதப் படலமான அடித்தள மென்சவ்வோடு பிணைப்பவை இன்டெக்ரின் எனப்படும் ஒட்டு வாங்கிகள்.

மனிதரில் 18 ஆல்பா அலகுகளும் 8 பீட்டா அலகுகளும் இணைசேர்ந்து 24 வகை இன்டெக்ரின்களைத் தருகின்றன. கலமென்சவ்வை ஊடுருவி நிற்கும் இவை, தோலில் வெளிப்புறம் அடித்தள மென்சவ்விலுள்ள லமினின் புரதத்தையும் உட்புறம் கலத்தின் சட்டக இழைகளையும் பற்றுகின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகின்றன; என்னை வியப்பில் ஆழ்த்துவதோ இதற்கு அடுத்த படி.

தனியொரு இன்டெக்ரினின் பிடி வலுவற்றது. அதன் அருகிலேயே, மென்சவ்வை நான்கு முறை ஊடறுக்கும் டெட்ராஸ்பனின் குடும்பத்தைச் சேர்ந்த சிடி151 என்னும் புரதம் அமர்ந்திருக்கிறது. அது லமினினைப் பற்றுவதில்லை. வெளியே நீண்டிருக்கும் தன் பெரிய வளைவால் இன்டெக்ரினின் ஆல்பா அலகைப் பற்றிக்கொள்கிறது; சிடி151 இன் உட்புறப் பகுதியில் கோக்கப்பட்டுள்ள பாமிட்டிக் என்னும் கொழுப்பமிலச் சங்கிலிகள் அதை ஏனைய டெட்ராஸ்பனின்களோடு சேர்த்துவைக்க, இன்டெக்ரின்களும் ஓரிடத்தில் திரள்கின்றன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் அடிக்கு எல்லாக் கைகளும் ஒருங்கே இழுக்கும்போது கயிறு பெறும் வலுவை இத்திரளும் பெறுகிறது: ஒரு பிணைப்பு நழுவினாலும், அது மீண்டும் பற்றும் வரை அயலிலுள்ளவை தாங்கி நிற்கின்றன.

இத்துணைப்புரதம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. சிடி151 மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் அப்புரதம் முழுமையாக உருவாகாத நோயாளிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அவர்களுள் கீழ்க்காலின் முன்புறத்தில் கொப்புளங்களும் செவிட்டுத்தன்மையும் உடையோரும் இருந்தனர். சிறுநீரக வடிகட்டியின் கலங்களும், இரத்த அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து அடித்தள மென்சவ்வில் ஒட்டியிருக்க இன்டெக்ரினையே நம்பியிருப்பதால், தோலும் சிறுநீரகமும் ஒரே குறைபாட்டில் சேர்ந்து பழுதடைகின்றன. இந்த உண்மை புலப்பட்டது அரிதான ஓர் இரத்த வகையை ஆராய்ந்தவர்களால் என்பதை, உடனடிப் பயனுள்ள ஆய்வுக்கே நிதி என வாதிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குழந்தையின் தோல் அடிக்கடி கொப்புளித்தால் நாகதோஷம் என்று பரிகாரம் தேடுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அந்த நாட்களை வீணாக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.