மீட்டர் 60 காட்டுகிறதா?

லாரி நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்தில் விழுகிறது. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் முள்களும் கூடவே படுத்துவிடுகின்றன. டேஷ்போர்டில் நாலைந்து விளக்குகள் எரிகின்றன. இன்ஜினோ எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் எல்லா முள்களும் பழையபடி எழுந்துகொள்கின்றன.

இதற்காக மீட்டர் போர்டை மாற்றியவர்கள் உண்டு, பெரிய விலை கொடுத்து இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மையே மாற்றியவர்களும் உண்டு. நாலு சென்சார் ஒரே நொடியில் செத்து, ஒரே நொடியில் பிழைக்குமா? கோளாறு பெரும்பாலும் அவற்றின் தகவல் வந்து சேரும் ஒயரில் இருக்கும்.

இன்றைய டீசல் லாரியில் இன்ஜின், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், டேஷ்போர்டு, புகைக்குழாயில் உட்கார்ந்து நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே ஜோடி ஒயரில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறை இது. கனரக வண்டிகளில் அதன்மேல் ஜே1939 என்ற விதித்தொகுப்பு ஓடுகிறது. ஆர்பிஎம் எவ்வளவு என்பதை ஈசிஎம் வினாடிக்குப் பல பத்துத் தடவை இந்த ஒயரில் சொல்லிக்கொண்டே இருக்கும். அது காதில் விழாவிட்டால் டேஷ்போர்டு முள்ளைக் கீழே போட்டுவிடும். ஆனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ஈசிஎம்மிலிருந்து நேராகவே ஒயர் போகிறது. அதனால்தான் இன்ஜின் நிற்கவில்லை.

அந்த ஜோடியில் மஞ்சள் ஒயர் ஹை, பச்சை ஒயர் லோ. சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது மஞ்சள் 3.5-க்கு ஏறும், பச்சை 1.5-க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஆல்டர்னேட்டர் கிளப்பும் இரைச்சல், முறுக்கிய இரண்டு ஒயரையும் ஒரே அளவில்தான் தூக்கும்; வித்தியாசம் அப்படியே இருக்கும். ஒயரை முறுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான்.

தொட்டித் தண்ணீரைத் தட்டினால் அலை சுவரில் மோதித் திரும்பும் அல்லவா? சிக்னலும் ஒயரின் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலோடு குழம்பும். அதை விழுங்குவதற்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடை. இரண்டும் பக்கவாட்டு இணைப்பில் இருப்பதால் மொத்தம் 60. மெக்கானிக்குக் கிடைத்த வரம் இந்த எண்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஒன்பது பின் வட்டக் கப்ளரில் சி, டி பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால், இரண்டு ரெசிஸ்டருக்கும் நடுவே ஓடும் முதுகெலும்பு ஒயர் முழுசாக இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். பிற்பாடு மாட்டிய ஜிபிஎஸ் பெட்டியை முதலில் கழற்றிப் பாருங்கள்.

சுவாரசியமானது 120. ஒரு ரெசிஸ்டர் கழன்றிருக்கலாம், அல்லது நடுவில் ஒயர் கட் ஆகியிருக்கலாம். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே ஸ்கேனரை மாட்டி யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். எல்லாரும் பேசினால் ரெசிஸ்டரைத் தேடுங்கள். ஏபிஎஸ், டேஷ்போர்டு பேசுகின்றன, இன்ஜினும் நாக்ஸ் சென்சாரும் ஊமை என்றால் கட் ஆன இடம் கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவில். கேபினை முன்பக்கம் சாய்க்கும் வண்டிகளில், அந்தக் கீல் பக்கம் மடங்கி மடங்கி நிமிரும் ஒயரிங்கைத்தான் நான் முதலில் தடவிப் பார்ப்பேன்.

60 வந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. முதுகெலும்பிலிருந்து ஒரு சென்சாருக்குப் பிரியும் கிளை ஒயர் அறுந்தால் மீட்டர் அதே 60-தான் காட்டும். அந்த ஒரு ஆள் மட்டும் காணாமல் போயிருப்பார். அதேபோல ஹை ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் 60 வரலாம். அப்போது பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, எர்த்துக்கு எதிராக வோல்ட் பார்க்க வேண்டும். ஹை 2.5-க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே, இரண்டையும் கூட்டினால் 5-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஹையில் பூஜ்யம் வந்தால் உரசும் இடத்தைத் தேட வேண்டியதுதான்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அவசரம் ஆகாது. பேட்டரியை மறுபடி கழற்றி, ஓம் மீட்டரை மாட்டிவைத்து, ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒயரிங்கை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டு போக வேண்டும். 60, 60, 61... ஒரு கப்ளரைத் தொட்டதும் சட்டென்று 120. திறந்தால் ரப்பர் சீல் மடிந்திருக்கும், உள்ளே தண்ணீர் இறங்கிப் பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும்.

அப்புறம் ஒன்று: மீட்டர் ஊசியை ஒயரின் தோலில் குத்தி வோல்ட் பார்க்கும் பழக்கம். அந்தப் பொத்தல் வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் போய், செம்பை உள்ளேயே அரித்துவிடும். கப்ளரின் பெண் பின்னுக்குள் தடித்த ஊசியைத் திணித்தாலும் அது விரிந்து லூஸாகிவிடும். அடுத்த பள்ளத்தில் முள் மறுபடி விழும். இந்த முறை, ‘வண்டியைப் பார்த்துவிட்டோம்’ என்று சொன்னவரின் கையே காரணமாக இருக்கும்.