காய்ச்சல் இறங்கிவிட்டது, வேலைக்குப் போகலாமா?

"காய்ச்சல் இல்லை டாக்டர், காலையில்தான் மாத்திரை போட்டேன்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மாத்திரை போட்டதால்தான் காய்ச்சல் தெரியவில்லை என்பதை அவரே தன் வாயால் சொல்கிறார். சொன்னதன் பொருள் மட்டும் அவருக்கு உறைப்பதில்லை.

அண்மையில் வந்த ஒருவரும் இதையேதான் சொன்னார். நாற்பதைத் தாண்டியவர், அலுவலக வேலை. முந்தைய வாரம் உடம்புவலி, இருமல், காய்ச்சல் என்று சாதாரண ஃப்ளூவாகத் தொடங்கியிருக்கிறது. நடுவில் ஓரிரு நாள் தேவலை போலிருந்து, மறுபடி காய்ச்சலும் சளியும் கூடியிருக்கின்றன. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்றேன். அவர் சட்டைப்பையில் இருந்த போன் அதிர்ந்தது. மூச்சுச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு அந்த உறுமல்தான் என் காதில் விழுந்தது. "மேனேஜர், ஒரு நிமிடம் டாக்டர்" என்று கதவருகே போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்தப் பேச்சுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. அட்மிட் ஆக வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவீர்களா?"

வேலைக்குப் போனதால்தான் நிமோனியா வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் படுத்திருந்தால், மாடிப்படி ஏறுகையில் மூச்சு இரைப்பது வீட்டில் யார் கண்ணிலாவது முன்பே பட்டிருக்கும். மாத்திரையும் மீட்டிங்குமாக ஓடிக்கொண்டிருந்தவருக்குத் தன் உடம்பைக் கவனிக்க நேரமில்லை. ஃப்ளூ குறைவதுபோல் குறைந்து மறுபடி ஏறினால் நெஞ்சைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம். நோயாளி எதிரே வந்து உட்கார்ந்தால்தானே பரிசோதிப்பது?

இந்த மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கிருமி உள்ளே நுழைந்ததும், உடம்பின் வெப்பநிலையை மூளைதான் ஏற்றிவைக்கிறது. பாரசிட்டமால் அந்த ஏற்றத்தை இறக்குகிறது, வலியையும் குறைக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். வைரஸ் ஒன்றைக்கூட அது கொல்வதில்லை, நோயின் காலத்தை ஒரு நாள்கூடக் குறைப்பதில்லை. நீங்கள் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாமல் தடுப்பதும் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இது. உள்ளே நிம்மதியாகத்தான் இருக்கும். வந்தவன் போய்விட்டான் என்று எண்ணிக் கதவைத் திறந்தால் தெரியும்.

மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரம். காலை 8 மணிக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு மதியம் தாண்டினால் குளிர் நடுங்கும். உடனே இன்னொன்று போடுவார். அது போதாதென்று பக்கத்து மேசைக்காரர் அன்போடு ஒரு சளி மாத்திரை நீட்டுவார். அந்தச் சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படிக்கிறவர் யார்? ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. ஒல்லியானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மது அதிகம் அருந்துகிறவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வரம்பை மீறினால் அடி வாங்குவது கல்லீரல். அதுவும் முதல் நாளில் சத்தமே காட்டாது. போதாக்குறைக்கு, சளி மாத்திரைகளில் தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின் போன்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களையும் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்களையும் நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது. "இரண்டு நாளில் எழுந்துவிட ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஃப்ளூவை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாடிக் அதை எதுவும் செய்யாது.

அப்படியானால் எப்போது வேலைக்குப் போகலாம்? மாத்திரை எதுவும் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். 'மாத்திரை போடாமல்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இருமல் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும், அதற்காக அத்தனை நாளும் வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. உடம்பு தேறி வருகிறது, காய்ச்சல் தானாகவே விட்டிருக்கிறது என்றால் முகக்கவசம் அணிந்துகொண்டு போகலாம்.

டெங்கு பரவும் காலமாக இருந்தால் கதையே வேறு. அதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம். பொதுவாக 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் விடும். ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிவதும் ரத்த அழுத்தம் சரிவதும் அப்போதுதான் நடக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது, போய் வருகிறேன்" என்று அன்றைக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம்.

இனி பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பற்றி. ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார். முதல் மூன்று நான்கு நாள்களில் அது உச்சத்தில் இருக்கும். "சமாளித்துக்கொள்கிறேன்" என்று வீரமாக அவர் போய் உட்கார்வது சரியாக அந்த நாள்களில்தான். அடுத்த இருக்கையில் இருப்பவர் கர்ப்பிணியாக இருக்கலாம், இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். மூட்டுவாதத்துக்காக நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் அதைக் கழுத்தில் பலகையாக மாட்டிக்கொண்டு வருவதில்லை. என்னிடம் வரும் ஒரு பெண்மணி, அலுவலகத்தில் யாராவது தும்மினால் போன் பேசுவதுபோல எழுந்து வெளியே போய்விடுவாராம். அவர் சாப்பிடும் மருந்து என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது, தெரிவிக்க அவருக்கு விருப்பமும் இல்லை.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அது நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் வேலை. சமையலறையில் இருப்பவர்கள், நோயாளிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்பவர்கள் இதை மீறவே கூடாது. இந்த வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நோரோவைரஸ் பரவ மிகச் சொற்பமான வைரஸ் துகள்களே போதும். ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. அம்மை போட்டிருந்தால், எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பக்கு விடும்வரை வீட்டைவிட்டு நகராதீர்கள்.

எங்கள் துறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு வார்டுக்கு வரும் மருத்துவர்களும் செவிலியர்களும் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஷிப்டில் ஆள் இல்லை என்பது உண்மையான காரணம்தான். ஆனால் நோயாளியின் நுரையீரலுக்கு அந்தக் காரணம் புரியாது.

மேலாளர்களே, அடுத்தது உங்களுக்கு. "ஒரு நாள் காய்ச்சலுக்கு லீவா?" என்று நீங்கள் கேட்கும் கேள்வியின் விளைவு என் வரவேற்பறையில் வந்து வரிசையாக உட்காருகிறது. ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்கிறீர்கள். படுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியவர், கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டே மற்ற நோயாளிகளுக்கு நடுவே காத்திருக்கிறார். ஒற்றைத் தலைவலியை எந்த ரத்தப் பரிசோதனையாலும் நிரூபிக்க முடியாது. அவர் சொல்வதைக் கேட்டு நான் எழுதித் தருகிறேன். அதையே நீங்கள் நேராக அவரிடம் கேட்டு நம்பியிருக்கலாம். பிரிட்டனில் முதல் 7 நாள்களுக்கு ஊழியரே தன் நோயைத் தெரிவித்தால் போதும், மருத்துவரின் கடிதம் அதற்கு மேல்தான். ஜெர்மனியில் பொது விதிப்படி நோய் 3 நாளைத் தாண்டினால்தான் சான்றிதழ் கட்டாயம். அதனால் அந்த நாடுகளில் ஆலைகள் இழுத்து மூடப்பட்டுவிடவில்லை.

பொய் லீவு போடுகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். உடம்பு தேறிய முகத்தோடு வியாழக்கிழமை வந்து, திங்கட்கிழமை தேதியிட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். அன்றைக்கு அவருக்கு என்ன இருந்தது என்று சொல்ல நான் சோதிடன் இல்லை. முன்தேதியிட்டு எழுத மாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: ஏமாற்ற நினைப்பவர் எப்படியாவது ஒரு காகிதத்தைத் தேடிப் பிடித்துவிடுகிறார். உண்மையிலேயே கிடப்பவர்தான் எழுந்து வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார். சந்தேகம் எந்த அளவுக்கு ஊறிவிட்டது என்றால், நெருப்பாகக் கொதிக்கும் காய்ச்சலில் இருப்பவர்கூட மேலாளரை அழைக்கும் முன் தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொள்கிறார். என் எதிரிலேயே அப்படிப் பேசியவர்கள் உண்டு.

இன்னொன்று. என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அவருக்கு என்ன நோய்?" என்று விசாரிக்காதீர்கள். இத்தனை நாள் ஓய்வு தேவை என்பதோடு உங்களுக்குத் தெரிய வேண்டியது முடிந்துவிட்டது. நோயின் பெயர் அவருடைய சொத்து. குறிப்பாக மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் 'வைரல் காய்ச்சல்' என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சும்போது, அவர்கள் பணியிடத்தின் லட்சணம் எனக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

"பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட மெடிக்கல் லீவு எடுத்ததில்லை" என்று மார்தட்டுகிறவர்களும், அவர்களுக்கு மேடையில் பரிசு கொடுப்பவர்களும் அடுத்த ரகம். நோயே வராதவர் என்றால் மகிழ்ச்சி. வந்தும் எடுக்காதவர் என்றால் பாராட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வில் இதைப் பார்த்தார்கள். உடல்நிலை சரியில்லாத ஆண் ஊழியர்களில், மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுக்காதவர்களை, அளவாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பு போன்ற கடுமையான இதயப் பாதிப்பு, எடுக்காதவர்களுக்கு இரு மடங்காக இருந்தது. 2005-ல் வெளியான முடிவு இது. விடுப்பு எடுக்காததுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நெஞ்சுவலியையும் பொருட்படுத்தாத அதே சுபாவம் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் கோப்பை கொடுக்கத்தக்க சுபாவம் இல்லை.

நாள்கூலிக்குப் போகிறவர்களை என்னால் திட்ட முடியவில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பவரிடம் ஐந்து நாள் ஓய்வு என்று எழுதும்போது என் பேனாவே கூசுகிறது. நோயுற்ற தொழிலாளிக்கு மூன்றாம் நாளிலிருந்து பாதிக் கூலியை, 13 வாரம்வரை கொடுக்க வேண்டும் என்று ஜெர்மனி சட்டம் போட்டது 1883-ல். இன்றும் அது வாய்க்காத கோடிக்கணக்கானோர் உலகில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: முதல் இரண்டு மூன்று நாளாவது தள்ளி இருங்கள், முடியவே முடியாதென்றால் முகக்கவசத்தோடும் தனித்தும் வேலை செய்யுங்கள். கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கும்வரை அவர்களிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

விடுப்பு இருந்தும் எடுக்காதவர்களுக்குத்தான் மீதி. ஓய்வு என்று நான் எழுதுவது மருந்துச்சீட்டில் இருக்கும் மற்ற மருந்துகளைப் போன்ற ஒரு மருந்துதான். அதை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு வெட்டாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உடம்பு சரியில்லை, இன்று வர இயலாது, அவசர வேலையை இன்னார் பார்க்கட்டும். இவ்வளவு போதும். நோய்க்குறிகளைப் பட்டியல் போட வேண்டாம், குரலையும் மாற்ற வேண்டாம். படுக்கையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பதற்குப் பெயர் ஓய்வில்லை. காய்ச்சலில் உடற்பயிற்சி கூடவே கூடாது, வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் அந்த ஓட்டம் ஆபத்தில் முடியலாம். வருடத் தொடக்கத்திலேயே எல்லா மெடிக்கல் லீவையும் விசேஷங்களுக்குக் கரைத்துவிட்டு, நோய் வந்தபின் என்னிடம் வந்து கையைப் பிசைய வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போது மூச்சு இரைத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ மறுநாள் காலைவரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அலுவலகத்துக்கு வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள்.