காற்று நிற்பதைவிடக் காற்றாலை கழன்றுகொள்வதுதான் ஆபத்து

"காற்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" காற்றாலை என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஒரு வட்டாரம் முழுக்கக் காற்று ஒரே நொடியில் நிற்பதில்லை. முன்கணிப்பைப் பார்த்து மற்ற நிலையங்களைத் தயார் செய்ய நேரம் கிடைக்கும். காற்றாலைகளை மின்கட்டமைப்போடு இணைத்துச் சோதிப்பது என் வேலை. என் வயிற்றைக் கலக்குவது வேறு விஷயம்.

எங்கோ ஒரு மின்தடத்தில் மின்னல் இறங்குகிறது. பிரேக்கர் என்ற தானியங்கி சுவிட்ச் திறந்து பழுதான தடத்தை விலக்க ஏறக்குறைய 0.1 நொடி ஆகும். அதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்க வோல்டேஜ் சரியும். பழைய காற்றாலைகள் அப்போது உடனே டிரிப் ஆகி, அதாவது இணைப்பிலிருந்து தாமாகவே விலகிவிடும். அவை கொஞ்சமாக இருந்தவரை சரி. இன்று நூற்றுக்கணக்கான மெகாவாட் ஒன்றாக விலகினால், வோல்டேஜ் மீண்டாலும், உற்பத்தி போதாமல் கட்டமைப்பின் அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்பது) விழுந்துவிடும். அதனால்தான் சரிவைத் தாங்கிக்கொண்டு இணைப்பிலேயே நிற்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி வந்தது.

விதி இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் ஓர் உதாரணம். புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டே நிமிடத்தில் ஆறு முறை வோல்டேஜ் சரிந்தது. முதல் சில சரிவுகளைக் காற்றாலைகள் தாங்கின. ஆனால் பலவற்றின் மென்பொருளில், இத்தனை முறைக்கு மேல் தாங்க வேண்டாம் என்று ஒரு வரம்பு இருந்தது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போனது. அந்தச் சுமை பக்கத்து மாநில இணைப்பின் தலையில் விழ, அதுவும் விலகி மாநிலமே இருண்டது. அப்படியொரு வரம்பு இருந்ததே கட்டமைப்பை இயக்கியவர்களுக்குத் தெரியாது. பிறகு அந்த வரம்பை மாற்றினார்கள். காற்றாலைகள் அதேதான், மாறியது எண்கள்தான்.

நானும் ஒருமுறை பார்த்தேன். வோல்டேஜ் வழக்கமான அளவில் 15 சதவீதமாகச் சரிந்தாலும் தாங்கும் என்றது சான்றிதழ். கோபுர அடியில் பேனலைத் திறந்தால், 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் விலகும்படி ரிலே (விலகச் சொல்லும் பாதுகாப்புக் கருவி) வைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் வைத்த எண், யாரும் தொடவில்லை. ஒவ்வொரு கோபுரமாகப் போய் மாற்ற மூன்று நாளானது.

அப்புறம் நான் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதில்லை. இயந்திரத்தில் இப்போது ஓடும், இந்த எண்களெல்லாம் இருக்கும் அமைப்புக் கோப்பைக் கேட்கிறேன். எவ்வளவு சரிவைத் தாங்கும், எத்தனை நிமிடத்தில் எத்தனை முறை தாங்கும், மென்பொருளைப் புதுப்பித்தபின் யார் மறுபடி சரிபார்த்தார்கள்? காற்றாலையை இணைக்க ஒப்புதல் தருபவர் நீங்கள் என்றால், எழுத்தில் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.